கோளாறு என்று எழுதிப் போட்ட மிதவை

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். கொசு கடிக்கிறது என்று யாரும் நடுவில் எழுந்து போகக் கூடாது, சொல்லிவிட்டேன். இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பனின் மச்சினிக்கு நடந்தது. கதை கட்டுகிற ஆள் இல்லை அவள். உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற ரகம்.

ராத்திரி பதினொன்றரை மணி. கடலோரச் சாலை... ஈ காக்கை இல்லை. ஸ்கூட்டரில் அவள் மட்டும் இரவு டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நல்ல கோடை. ஓர் இலை அசையவில்லை. வீட்டுக்குள் வெந்து சாக முடியாமல் பாதி ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு மணலில் வந்து படுத்திருந்தது. அவளுடைய தங்கையும் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். ஸ்கூட்டர் சத்தம் கேட்டு, தங்கை படுத்தபடியே கையை ஆட்டினாள்.

இவளுக்கு வானிலை அலுவலகத்தில் வேலை. பெருங்கடல் நெடுக மஞ்சள் மிதவைகளை நங்கூரம் போட்டு விட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரம், தண்ணீர்த் தொட்டி மாதிரி வயிறு. காற்று, சூடு, அலை உயரம் எல்லாம் அளந்து மணிக்கொரு தரம் செய்தி அனுப்பும். அன்று திரை முழுக்க ஒரே பாட்டு. வடக்கே கடல் தூங்குகிறது. கிழக்கே தூங்குகிறது. நடுக்கடல் குறட்டையே விடுகிறது.

தெற்கே ஒன்று மட்டும்... அலை நான்கு மீட்டர் என்றது.

அவளுக்கு முதுகு சில்லிட்டது. அலையைப் பார்த்து அல்ல. அந்த மிதவை கடலிலேயே இல்லை. அலுவலகத்துக்குப் பின்னால், கொட்டகையில் கிடந்தது. பேட்டரியைக் கழற்றி ஒரு வருடம் ஆகிறது.

போன கோடையில் இதே மிதவை இதையேதான் சொன்னது. மற்றதெல்லாம் தூங்கும்போது இது மட்டும் எப்படி ஆடும்? “கருவி கோளாறு” என்று மேலதிகாரி அந்த அளவைத் தள்ளிவிட்டார். கோளாறைச் சரிசெய்ய மெக்கானிக்கைப் படகில் அனுப்பினார். ஸ்பேனர் அண்ணன் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் மிதவையின் வயிற்றில் ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டி, “பாத்துக்கடா” என்று சொல்லிவிட்டு வருவார். அந்த முறை அவர் வரவில்லை. உலகத்தின் கீழ்க்கோடியில் எங்கோ அடித்த புயல், காற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அலையை மட்டும் அனுப்பியிருந்தது. படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. மிதவையை இழுத்து வந்து, கழுத்தில் ‘கோளாறு’ என்று அட்டை கட்டி, கொட்டகையில் போட்டார்கள்.

அவள் மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

“சார், தெக்க நாலு மீட்டர் காட்டுது. கடற்கரைய காலி பண்ணணும். சைரன் போடட்டுமா?”

“எந்த மிதவை?”

சொன்னாள். அவர் சிரித்தார். “கொட்டகைல கெடக்கற டப்பாவா? கோளாறும்மா அது. என் உத்தரவு இல்லாம சைரன்ல கை வச்ச, நாளைக்கு வேலை இருக்காது.”

போனை வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கதவைத் திறந்ததும் பாசி வாடை. அதோடு கிரீஸ் வாடை. சொட்... சொட்... சிமெண்ட் தரையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மிதவை தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது.

டொக்... டொக்... டொக்.

உள்ளேயிருந்து.

நீங்களும் நானும் என்றால் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருப்போம். அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடக் கோபம் வந்தது.

“யாரு, ஸ்பேனர் அண்ணனா? பயமுறுத்தற வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம். என் தங்கச்சி புள்ளைங்களோட மணல்ல படுத்திருக்கா. ஒழுங்கா சொல்லுங்க. எத்தனை மீட்டர்?”

சொட்டுகிற சத்தம்கூட நின்றது. பிறகு, நிதானமாக...

டொக். டொக். டொக். டொக்.

“அவ்வளவுதான கேட்டேன்” என்றாள். நேரே போய் சைரனை அழுத்தினாள். வேலை போனால் போகட்டும்.

மணலில் படுத்திருந்தவர்கள் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். காற்றே இல்லை, எந்தப் பைத்தியம் ஊதுகிறது என்று கேட்டார்கள். தங்கை மட்டும் கேள்வி கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். கொஞ்ச நேரம்தான்... கடல் எழுந்து சாலைவரை வந்தது. காற்று இல்லை, மேகம் இல்லை. பாய், தலையணை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு திரும்பிப் போனது. ஆட்கள் ஒருவரும் அதில் இல்லை.

விடிந்ததும் மேலதிகாரி வந்தார். மேடு முழுக்க உயிரோடு ஜனங்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருப்பார். இருந்தாலும் குதித்தார்.

“யாரக் கேட்டு சைரன் போட்ட?”

“ஸ்பேனர் அண்ணனக் கேட்டு.”

“அவர் செத்து ஒரு வருஷம் ஆச்சு.”

“தெரியும் சார். செத்தும் டூட்டிய ஒழுங்காப் பாக்கறார்.”

அவர் குரலை இறக்கினார். “இதோ பாரு. கை தவறிப் பட்டுடுச்சுன்னு எழுதிக் குடு. விட்டுடறேன்.”

“எழுத மாட்டேன். போன வருஷம் நீங்க கோளாறுன்னு எழுதினதே போதும்.”

அவர் முகம் செத்துவிட்டது. விறுவிறுவென்று அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். தரை காய்ந்து கிடந்தது. மிதவையில் தூசி. மூடியைத் திறந்து காட்டினார். பேட்டரி இருந்த இடத்தில் சிலந்தி வலை.

“பாத்தியா? இதுவா பேசுச்சு?” என்று மூடியைச் சாத்தினார். நக்கலாக, கார் சாவியால் அதன் வயிற்றில் மூன்று தட்டுத் தட்டினார்.

டொக்.

சாவி கீழே விழுந்தது.

டொக். டொக். டொக்... நான்கு. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கோடு நிற்கவில்லை. ஐந்து. ஆறு. ஏழு. கழுத்தில் தொங்கிய காய்ந்த அட்டையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

“போட்டுடும்மா... சைரனப் போட்டுடு” என்றார் மேலதிகாரி, மிதவையைப் பார்த்தபடியே.

அதைக் கேட்க அங்கே அவள் இல்லை. ஐந்திலேயே ஓட ஆரம்பித்திருந்தாள். சைரனில் கை வைக்கும்வரை அவள் எண்ணியது பதினொன்று. அதற்குப் பிறகும் தட்டிக்கொண்டுதான் இருந்ததாம்.