பேருந்து ஓட்டுநரின் வலது கண்

அவைக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, அறிவில் மூத்த ஆன்றோர்களே, மருத்துவமனை வாசல்களில் காத்துக் காத்துக் கால் கடுத்த தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் கண்காணிக்கும் எங்கள் அரசு அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம். பளிங்குத் தரை, பளபளக்கும் பலகை. பெருமையாகப் பேசச் சொன்னார்கள். வெட்கத்தோடுதான் பேச வருகிறது.

என்ன தம்பி, கேட்கவில்லையா? மைக்கை நெருக்கி வைத்துக்கொள்கிறேன். எல்லோர் காதிலும் விழவேண்டிய கதை இது.

இந்த ஊரில் ஒரு பேருந்து ஓட்டுநர். ஒரு நாள் காலையில் வலது கண்ணில் திரை விழுந்ததுபோல் இருட்டு. விழித்திரை விலகிவிட்டது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். காப்பீட்டு நிறுவனமோ, பழைய நோயை மறைத்துவிட்டார் என்று சொல்லிப் பணம் தர மறுத்தது. மருத்துவமனையோ, ஒப்புதல் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டது.

அவர் மனைவி எங்கே ஓடினார்? எங்களிடம். நாங்கள் என்ன செய்தோம்? அவர் புகாரை விசாரிக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கே அனுப்பினோம்!

"ஏன் சார், அடிச்சவங்களையே கூப்பிட்டு, அடி விழுந்துச்சான்னு கேப்பீங்களா?"

"விதி அப்படித்தாம்மா இருக்கு" என்றார் எங்கள் அதிகாரி.

"உங்க விதி காத்திருக்கும் சார். கண்ணு காத்திருக்குமா?"

காத்திருக்கவில்லை, பெரியோர்களே! மறுத்தது தவறு என்று நாங்கள் தீர்ப்புச் சொன்னபோது கண்ணில் ஒளி இல்லை. கையில் ஓட்டுநர் வேலையும் இல்லை. கண்காணிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டோமே, எதைக் கண்டோம்? யாரைக் காத்தோம்?

அந்த அம்மா விடவில்லை. தம்மைப்போல் தவித்த குடும்பங்களைத் திரட்டி வந்து எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார். அரசு இறங்கி வந்து ஆணை போட்டது. இனி அவசரம் என்று மருத்துவர் சொன்னால் முதலில் சிகிச்சை, பிறகுதான் வாக்குவாதம். அந்த ஆணையால் சென்ற வாரம் ஒரு தையல்காரப் பெண்ணின் பார்வை பிழைத்தது.

வேண்டாம், கை தட்டாதீர்கள்.

செய்தி சொல்லப் பணிமனைக்குப் போனேன். பேருந்து ஓட்டியவர் பேருந்து கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தப்பிச்சிருச்சா? ரொம்ப நன்றி சார்."

நன்றியாம்! எங்களுக்கா? அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. தலை நிமிர்ந்து விடைபெற ஆசைதான். அதற்கு நாங்கள் இன்னும் தகுதி பெறவில்லை. தலைகுனிந்தே வணங்குகிறேன்.