சலசலக்கும் அட்டை

பாலித்தீன் உறை சலசலத்தால் என்னால் படம் பார்க்கவே முடியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூடத்தில் படம் போடும் நாட்களில், சத்தம் வரும் எதையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவேன். மிட்டாய்ப் பொட்டலம், சாவிக்கொத்து, எதுவானாலும் சரி. புரொஜக்டரை இயக்குபவன் நான்தான் என்பதால் யாரும் மறுப்பதில்லை.

அன்று ஒரு பெரிய பாடகியின் வாழ்க்கைப் படம். என் அண்ணன் முன்வரிசைக்கு வந்தார். சட்டைப் பையில் இருந்த நெஞ்சுவலி மாத்திரை அட்டையையும் கேட்டு வாங்கினேன்.

"இதுவுமாடா?" என்று சிரித்தார்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்ணே."

பாடகிக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டின் பின்னணியில் ஓர் ஆண்குரல் வரும். இருபது வயதில் அதைப் பாடியவன் நான். அண்ணன் அன்று ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே என் செருப்புக்குக் காவல் இருந்தார். ஆனால் முப்பது வருடமாக, பாடியது தான்தான் என்று சொல்லிவந்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும். கடைசியில் என் மனைவியே, "உங்க அண்ணன் பாடின பாட்டைப் போடுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்கு வலித்தது. இருந்தும் நான் மறுத்துப் பேசியதில்லை. அண்ணனாயிற்றே.

படத்தில் அந்தப் பாட்டு வந்ததும் அண்ணன் எழுந்து நின்று, "இது நான்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலில் என் குரல் கேட்கவே இல்லை.

சற்று நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக என்னிடம் வந்தார்.

"தம்பி, மாத்திரையைக் குடுடா."

நான் உதட்டில் விரல் வைத்தேன். மறுபடியும் கேட்டார். படத்தின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். படம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அழுகிறார் என்று நினைத்து, பின்வரிசையில் இருந்த தையல்காரர் தண்ணீர் நீட்டினார்.

"பழைய ஞாபகம், விடுங்க" என்றேன்.

கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போடக் கூடாது என்பதும் என் சட்டம். முழுவதும் பார்த்தேன். எங்கள் இருவர் பெயருமே அதில் இல்லை. அண்ணன் போய்விட்டார் என்பது அதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

அட்டை இதோ, ஐயா. பத்து மாத்திரைகளும் அப்படியே இருக்கின்றன, எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பொருளை எடுத்துக்கொள்ளும் பழக்கம் அண்ணனுக்குத்தான் உண்டு. எனக்கில்லை.