வக்கீலுக்கு எதுக்கு கெமிஸ்ட்ரி?

"வக்கீலாகணும்க்கா. அதான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி சேந்திருக்கேன்."

ஒரகடத்தில் முதல் ஷிப்ட் முடிந்து வல்லக்கோட்டை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். திருநெல்வேலிப் பேச்சு. பக்கத்தில் இருந்தவள் உள்ளூர்க்காரி, பத்து வயதாவது மூத்தவள். இருவருக்கும் ஒரே கம்பெனிச் சட்டை. மூத்தவளின் விரல்களில் தோல் உரிந்திருந்தது.

"இன்னாடி ஒளர்ற? வக்கீலுக்கு பி.ஏ. தானே படிப்பாங்க?"

"எந்த டிகிரினாலும் சரிதான்க்கா. அதுக்குப் பெறவு மூணு வருசம் லா."

"அப்ப ஈஸியா ஒண்ணு எடுக்க வேண்டியதுதானே?"

"உங்க கை கேஸுல நான் சாட்சி சொல்ல வந்தேம்லா? பார்ட் தொடைக்க குடுக்குற கெமிக்கல் தோலை ஒண்ணும் செய்யாதுன்னு கம்பெனி வக்கீல் சொன்னாரு. அதுல என்ன கலந்திருக்குன்னு திருப்பிக் கேக்க நம்ம வக்கீலுக்குத் தெரியல. வீட்டு சோப்பாலதான் உரியுதுன்னு தீர்ப்பு எழுதி முடிச்சிட்டாங்க."

மூத்தவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மொத்தம் எத்தினி வருசம்?"

"ஆறு."

"வேலை?"

"நாளையோட நிக்கேன்."

"ஆறு வருசமா? எனக்காவாடி?"

"உங்களுக்கு மட்டும் இல்லக்கா. நம்ம லைன்ல நாப்பது பேரு இருக்கோம்."

வல்லக்கோட்டை வந்தது. இருவரும் எழுந்தார்கள். மூத்தவள் ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

"நீங்க முன்னாடி எறங்குங்க, வக்கீலம்மா."

கிண்டல் என்று நினைத்து மூத்தவள் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பே இல்லை.