தக்காளி தின்னாத புழு

— சாக்குப்பையோட கொட்டுனேன்னு கோவிச்சுக்கிறாத தமிழ்செல்வி. பதினேழு புழு, எண்ணிக்கோ. அம்புட்டும் ஒன் நர்சரி நாத்துல வந்ததுதான்.

— மேசை பூராம் புழுவக் கொட்டிட்டு, அப்புறம் என்ன கோவிக்காத? ஒக்காருங்க தங்கபாண்டியண்ணே. மொதல்ல பாப்போம்.

— பாக்குறதுக்கு என்ன இருக்கு? என் தக்காளியில மண்ணப் போட்டுட்ட. சாயங்காலம் சிலமலை ஊர்க்கூட்டத்துல இந்தப் புழுவ வச்சே ஒன் நர்சரிக்குப் பூட்டுப் போடுறேன்.

— பூட்டுப் போடுறவுக இங்க எதுக்கு வந்தீக?

— ஒன் மூஞ்சி கறுக்குறதக் கண்ணால பாக்கணும்ல!

— அது முந்தாநாளே கறுத்துப் போச்சு. குரங்கணிக்கு மேல மலையில எங்கண்ணன் ஜக்கையன் ஏலக்காய்க் காட்டுல எவனோ அருவாளோட பூந்து, காய் எடுக்குற நேரம் பாத்து முந்நூறு செடிய வெட்டிச் சாச்சுட்டான். வெட்டுன செடியக் கட்டிப்பிடிச்சு அம்புட்டுப் பெரிய ஆம்பள அழுதுச்சு. செஞ்சவன் மட்டும் சிக்கட்டும், அவன் வீட்டுல அடுப்பு எரிய விடமாட்டேன்.

— ஊருக்கே தெரிஞ்ச சேதி. எனக்கென்ன? நான் மலையேறி ரெண்டு வருசமாச்சு. எம் புழுவுக்குப் பதிலச் சொல்லு.

— சொல்றேன். இந்தப் பச்சைப்புழு, தலையக் காய்க்குள்ள விட்டுக்கிட்டு வால வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சா?

— ஆமா, வெக்கங்கெட்ட கழுத. பாதி ஒடம்பு வெளியதான் கெடந்துச்சு.

— காய்ப்புழு. அந்துப்பூச்சி பறந்து வந்து ஒத்தஒத்த முட்டையா வச்சுட்டுப் போகும். இந்தக் கறுத்தது? எலையச் சல்லடையா அரிச்சிட்டு, பகல்ல தூருக்கடியில மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்குமே?

— கொத்திக் கெளறித்தான் எடுத்தேன்.

— வெட்டுப்புழு. ரெண்டும் புழுவா இருக்கிறது கூடிப்போனா மூணு வாரம். நீங்க நாத்து வாங்கி ரெண்டு மாசமாச்சு. எந்தப் புழுண்ணே ரெண்டு மாசம் வயித்தக் கட்டிக்கிட்டு ஒங்க காய்க்காகக் காத்துக் கெடக்கும்?

— வாயி இருக்கே வாயி! ஊர்க்கூட்டத்துல வந்து பேசு, பாப்போம்.

— பேசாமயா? இருங்க... இது என்ன புழு?

— புழுன்னா புழுதான்.

— சாம்பக் கலர்ல ஒடம்பெல்லாம் முடி. கம்பளிப்புழு. இதையும் தக்காளியிலயா எடுத்தீக?

— எல்லாமே தக்காளிதான். ஒரே வயலு, ஒரே சாக்கு.

— கையாலயா எடுத்தீக?

— பின்ன, கரண்டியிலயா அள்ளுவாக?

— இதத் தொட்ட கை வீங்கிப் போகுமேண்ணே. ஒங்க கையி நல்லாத்தான் இருக்கு. பின்னங்கழுத்துப் பொடதிதான் தடிச்சுக் கெடக்கு. வந்ததுலருந்து அதத்தான் சொறியிறீக.

— அது... வேர்க்குரு.

— ஐப்பசி மழையிலயா? இது தக்காளி தின்னாது. மேல மலையில, ஏலச்செடிக்கு நெழல் குடுக்குற மரத்துல கூட்டங்கூட்டமா அப்பிக் கெடக்கும். கீழ குனிஞ்சு சோலி பாக்குறவுக கழுத்துல விழும். சிலமலை வயலுக்கு என்ன, ஜீப்பு புடிச்சா வந்துச்சு? இல்ல, அருவாளச் சுத்திக்கிட்டுப் போன சாக்குல ஏறி வந்துச்சா?

— ஏய், என்ன சொல்ல வர்ற?

— ரெண்டு வருசமா மலையேறலன்னு சொன்ன அதே வாயால இப்பச் சொல்லு.

— ஒத்தப் புழுவ வச்சு என்னையவா...

— பதினேழ வச்சு நீ எனக்குப் பூட்டுப் போட வந்தீல்ல? எனக்கு ஒண்ணு போதும்டா. அலோ, அண்ணே! ஜீப்ப எடுத்துக்கிட்டு வெரசா நர்சரிக்கு வா. ஒன் காட்ட வெட்டுனவன் எம் முன்னாலதான் நிக்கிறான். தங்கபாண்டி. இரு, வைக்காத. லைன்லயே இரு.

— தாயி, தாயி! கட் பண்ணு தாயி. ஜக்கையன் என்னைய உசுரோட விடமாட்டான்.

— தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். எதுக்குடா வெட்டுன? எங்கண்ணன் ஒனக்கு என்ன பாவம் செஞ்சுச்சு?

— ஒண்ணும் செய்யல. எனக்கும் அவனுக்கும் பகையே கெடையாது. “கேட்டுக் கேட்டுப் பாத்தாச்சு, தங்கச்சிக்குப் பாகம் பிரிச்சுக் குடுக்க மாட்டேங்கிறான், காடு அழிஞ்சாத்தான் வித்துட்டு வழிக்கு வருவான்”னு சொல்லி, அருவாளக் குடுத்து ஜீப்புல கொண்டாந்து எறக்கிவிட்டதே...

— யாரு?

— ஒம் புருசன்தான் தாயி. மாப்ள இனியவன். வேலை முடிஞ்சதும் என்னைய யாருன்னே தெரியாதவன் மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அந்த ஆத்திரத்துலதான் ஒங்க நர்சரிய இழுத்து மூட வந்தேன்.

— அண்ணே, கேட்டுச்சா? ம்... பின்னால வீட்டுலதான் இருக்காரு. மதியச் சோத்தத் தின்னுட்டுத் தூங்குறாரு. நீ வர்ற வரைக்கும் எழுப்ப மாட்டேன்.