தெருவுக்கே கேட்ட குரல்

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் டவுன் பஸ்ஸில், என் பின் சீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார்: "நான் ஒழுங்கா சாப்பிடாம கிடக்கது எங்க தெரு பூரா தெரிஞ்சுபோச்சு, அண்ணாச்சி."

"எப்படிவே?"

"வீட்டுக்காரி குவைத்துல நர்ஸா இருக்காள்லா. கம்ப்யூட்டர்லதான் தெனமும் பேசுவோம். அவ குரல் நல்லா கேக்கட்டும்னு சப்வூஃபரும் ரெண்டு ஸ்பீக்கரும் வாங்கி மாட்டுனேன். சத்தமே வரல. வால்யூமைக் கடைசி வரைக்கும் திருகுனேன். அப்பவும் வரல."

"ஒயர் லூசா இருந்திருக்கும்."

"ஒயர் நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம மூளைதான் லூசு. ஸ்பீக்கர் பின்னை மைக் ஓட்டையில குத்தி வச்சிருக்கேன். அவ ஸ்கிரீன்ல பேசிக்கிட்டே இருக்கா, நானும் கேக்க மாதிரி தலையாட்டுதேன். அப்புறம் பின்னை உருவி, பக்கத்துல இருந்த பச்சை ஓட்டையில குத்துனேன். வால்யூமைக் குறைக்க மறந்துட்டேன்."

பெரியவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"'பொய் சொல்லாதிய, நேத்தும் பிஸ்கட்டுதான சாப்பிட்டிய'ன்னு அவ கேட்டதுல ஜன்னல் கம்பி அதிருது. மறுநாள் காலையில எதிர்வீட்டுலேருந்து இட்லி வந்துட்டு. மத்தியானம் மாடிவீட்டுலேருந்து சாம்பார். வாங்கிக்கிடவும் வெக்கம், வேண்டாம்னு சொல்லவும் மனசில்ல."

"அதக் கழட்டி வச்சிர வேண்டியதுதானவே?"

"சத்தத்தை மட்டும் குறைச்சு வச்சிருக்கேன், அண்ணாச்சி. அடுப்படியில நின்னாலும் அவ திட்டுதது கேக்கு. வீட்டுல ஆள் இருக்க மாதிரி இருக்கு."