துணையிருப்புச் சங்கத்தின் பொதுக்கூட்டம்

– மெதுவாப் பேசு பூபதி. இது ஆஸ்பத்திரி வராந்தா, உங்க ஊரு மாட்டுச் சந்தை இல்ல.

– எப்படீங்க மேரியக்கா மெதுவாப் பேசறது? நேத்து வண்டிப்பெரியாறுல நம்ம சங்கத்துப் பொதுக்கூட்டமுங்க. அறுபது சேர் வாடகைக்கு எடுத்துப் போட்டேன். வந்தது நானும் மைக்செட்காரரும்தானுங்க.

– அந்த மைக்செட்காரனாவது ரெண்டு வார்த்தை பேசுனானா?

– கிண்டல் பண்ணாதீங்க. சங்கத்தக் கலைச்சரலாம்னு இருக்கறனுங்க. ஆரம்பிச்சவங்க நீங்க. உங்ககிட்டச் சொல்லாமப் போக மனசு வரல. காலையில உங்க எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போனா, ஆஸ்பத்திரில இருக்கறீங்கன்னாங்க. அப்படியே பஸ்ஸப் புடிச்சு ஓடியாந்தேன்.

– ஆண்டவரே, எனக்கு ஒண்ணுமில்ல. உள்ள ஒரு பிள்ளை ஆப்பரேசன் முடிஞ்சு தூங்குது. அதுக்குத் துணைக்கு வந்தேன். நீ சொல்லு, எதுக்குக் கலைக்கணும்?

– ஆளே இல்லாத சங்கத்த வச்சு என்னங்க பண்றது? இப்ப யாருக்குமே சேவை மனசு இல்லீங்க. நம்ம சங்கத்துப் பழைய ஆளு பின்சி போனையே எடுக்கல. ஆசீர்வாதம் அண்ணன் எடுத்தாரு, வேலை கெடக்குன்னு பட்டுன்னு வச்சுட்டாரு. அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு?

– எப்படி இருந்துச்சு? சொல்லேன். உன் வாயால கேட்டு நாளாச்சு.

– என்ற லாரி குட்டிக்கானம் வளைவுல கவுந்து, ரெண்டு காலும் ஒடஞ்சு இதே ஆஸ்பத்திரிக்குத்தானுங்க கொண்டாந்தாங்க. பைஸ்டாண்டர் எங்க, பைஸ்டாண்டர் எங்கன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. கூட ஒரு ஆள் இல்லாம ஆப்பரேசனுக்கு எடுக்க மாட்டாங்களாம். ஊட்டுலயோ பொண்டாட்டி அன்னிக்குத்தான் பிரசவமாகிக் கெடக்கறா. அப்ப தேயிலைக் கொழுந்து பறிச்ச கையோட நீங்க வந்து நின்னீங்க. கஞ்சிய ஆத்தி ஊட்டுனீங்க. என்ற அம்மா போனப்பறம் எனக்கு யாரும் அப்படி ஊட்டுனதில்லீங்க.

– உப்பு இல்லன்னு மூஞ்சியத் திருப்புன. அதையும் சேத்துச் சொல்லு.

– திருப்புனேன். இப்பவும் அந்தக் கஞ்சி வேணும்னு தோணுதுங்க.

– அப்பல்லாம் நம்மகிட்ட என்ன இருந்துச்சு பூபதி? ஆபீஸ் இல்ல, பேனர் இல்ல. சங்கத்துல சேரணுமா, ஆளில்லாத ஒரு நோயாளிக்கு ஒரு ராத்திரி துணைக்கு இரு. அதான் சந்தா. கொழுந்த நிறுத்துப் போட்டுட்டு, கொழுந்து பறிக்க மேல கட்டுன படுதாவக்கூட அவுக்காமப் பொம்பளைக பஸ்ஸுக்கு ஓடுவாக. இன்னைக்கு என் முறை, இல்ல என் முறைன்னு சண்டையே நடக்கும். நெனச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு நெறஞ்சு போவுது.

– அதைத்தானுங்க நான் தலைவராகி வளத்தேன். தையல் மெஷின் குடுத்தோம், குடை குடுத்தோம், கண் முகாம் போட்டோம், மரக்கன்னு நட்டோம். பாலக்காட்டுலயும் ஒரு கிளை ஆரம்பிச்சோம். எல்லாம் நல்ல காரியந்தானுங்களே?

– நல்ல காரியந்தான், யாரு இல்லைன்னது? ஆனா எங்களை எதுக்குக் கூப்பிட்ட? மேடைக்குப் பின்னால நிக்க, கை தட்ட. ஒரு நாள் பின்சி கேட்டா, அக்கா, நாம என்ன சங்கம்னு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி அழுதேன்.

– எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே.

– சொன்னேன். நீ மரக்கன்னுக்குக் குழி வெட்ட ஆள் தேடிக்கிட்டிருந்த.

– சரிங்க, தப்பு என்ற மேலயே இருக்கட்டும். ஒரே ஒரு தடவை நீங்க தலைவரா இருந்து கூப்பிடுங்க. உங்களுக்காக வருவாங்க. எனக்கு உசுரு குடுத்த சங்கமுங்க. அது என்ற கையிலயே சாகறதத் தாங்க முடியலீங்க.

– கண்ணத் தொடச்சுக்க. நர்ஸம்மா பாக்காக.

– உங்க மருமக முழிச்சிருச்சுங்க. கதவுப் பக்கமே பாத்துட்டுக் கெடக்குது.

– மருமக இல்ல. பூல்மணின்னு ஜார்க்கண்டுப் பிள்ளை. ஆனைக்கரையில ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு வந்தது. புருசன்காரன் ஊருக்குப் போயிருக்கான். நாம பேசுத பேச்சு ஒண்ணும் அதுக்குப் புரியாது. கையப் புடிச்சா மட்டும் சிரிக்கும்.

– அப்ப உங்களுக்குச் சொந்தமில்லீங்களா? எல்லா நாளும் நீங்க ஒருத்தரேவா இருக்கறீங்க?

– எனக்குப் பகல் முறை. ராத்திரிக்குப் பின்சி வருவா. மேல ஆம்பள வார்டுல அசாம்காரப் பையனுக்கு ஆசீர்வாதந்தான் துணை. பிரசவ வார்டுல ஒரு பிள்ளைக்கு நம்ம ஜோமோள். புதுசா கொழுந்துக்கு வந்த பிள்ளைக வேற, எங்களுக்கு எப்ப முறைன்னு கேட்டு என் உசுர வாங்குதுக.

– இது எப்பருந்துங்க? எனக்குத் தெரியவே தெரியாதுங்களே.

– தெரிஞ்சா பேனர் கட்டிட்டு வந்திருப்ப.

– அப்ப நேத்துக் கூட்டத்துக்கு ஒருத்தருமே வராதது?

– நேத்து எல்லா வார்டுலயும் ஆளில்லாத நோயாளிக. உன் அறுபது சேரும் காலியாக் கெடந்தா என்ன பூபதி, நம்ம சங்கம் மொத்தமும் இங்க கட்டிலுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சு.