ரப்பர் வைக்காத ரேடியேட்டர்

காரில் ரேடியேட்டர் பூட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, செய்கு முகம்மது பாய். நான் சொல்லச் சொல்ல நீங்கள் இந்தப் போலீஸ் அதிகாரிக்கு அரபியில் சொல்லுங்கள். அவசரமில்லை.

என்னோடு ஒரே ரூமில் இருந்த நவரத்தினத்தின் கார் பெட்டிகளில் வந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் பாதியில் விட்டுப்போன உதிரிகள். ஜுபைல் கேம்பில் டியூட்டி முடிந்து வந்து, எட்டு மாதம் மினக்கெட்டு அவனே பூட்டினான். ரேடியேட்டரை மட்டும் என்னிடம் விட்டான். "கந்தையா அண்ணை, உங்கட கை பட்டால்தான் எனக்கு நிம்மதி" என்றான். நல்ல பெடியன்.

ரேடியேட்டரின் நான்கு காலுக்கும் அடியில் தடித்த ரப்பர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குலுக்கலில் ஈயம் பற்றவைத்த ஒட்டு விட்டுவிடும். தண்ணீர் ஒழுகி, எஞ்சின் இறுகி நின்றுவிடும். தார் ரோட்டில் ஒன்றும் தெரியாது. மணல் பாதையில் ஒரு மணி நேரம் தாங்கும். நான் ரப்பர் வைக்கவில்லை.

ஏன் என்று கேட்கிறார், இல்லையா? லீவில் ஊருக்குப் போய்வந்த நவரத்தினம், என் மனைவி பிரபாவதி பேசி அனுப்பிய கேசட்டைக் கொண்டுவந்தான். கடிதத்துக்குப் பதில் நாங்கள் எல்லோரும் கேசட்தானே அனுப்புகிறோம். என்னிடம் தருவதற்கு முன் ரூமில் போட்டு எல்லோரையும் கேட்க வைத்தான். என் பழைய சட்டையைத் தலைமாட்டில் வைத்துத்தான் நித்திரை கொள்வதாகச் சொல்லி அவள் அழுதிருந்தாள். அதற்குப் பிறகு மெஸ்ஸில் நான் தட்டை எடுத்தால் போதும், "அண்ணை, சட்டை கவனம்" என்று யாராவது சொல்வார்கள். எனக்கு மானம் போனது, பாய். "சும்மா பகிடிக்கு, அண்ணை, கோவிக்காதேங்கோ" என்றான் நவரத்தினம். நான் கோவிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை, பாலைவனத்துக்குள் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சைட்டில் கூட்டாளி ஒருவனுக்குக் காரைக் காட்டப் புறப்பட்டான். ஆகஸ்ட் வெயில்.

"தண்ணிக் கான் வைச்சனீங்களோ, அண்ணை?"

"பின்னாலை ரெண்டு வைச்சிருக்கிறன். யோசியாமல் போ."

ஞாயிறு மாலைதான் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். காரிலிருந்து ஆறு கிலோமீட்டர் நடந்திருக்கிறான். கான்கள் மூடி திறந்தபடி காருக்குப் பக்கத்தில் கிடந்தன.

அவற்றை நிரப்பியதும் நான்தான். இரண்டிலும் டீசல். வெறும் கான் என்றால் தூக்கிப் பார்த்ததும் தெரிந்திருக்கும்.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், பாய். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு அறை விட்டு, அதோடு மறந்திருப்பேன்.